மரம் நமக்கு நேர்மாறு அல்ல

"நாம் ஆக்ஸிஜனை இழுத்துக் கரியமில வாயுவை விடுகிறோம், மரம் கரியமில வாயுவை இழுத்து ஆக்ஸிஜனை விடுகிறது." பள்ளிக்கூடச் சுவரிலும் மரம் நடு விழா மேடையிலும் வாட்ஸ்அப் செய்தியிலும் இதே வாக்கியம்தான். விலங்கும் தாவரமும் ஒன்றுக்கொன்று நேர்மாறான உயிர்கள், ஒன்று விட்ட மூச்சை மற்றது இழுத்து வாழ்கிறது என்பதை நன்றாகப் படித்தவர்களும் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள். இது தவறு. மரங்களைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டே நாம் அவற்றை மூச்சுமுட்ட வைப்பதற்கும் இந்தத் தவறே காரணம்.

அந்த வாக்கியத்தில் உண்மையே இல்லை என்று சொல்ல மாட்டேன். பகல் வெளிச்சத்தில் ஒரு பச்சை இலையைச் சோதித்தால் கரியமில வாயு உள்ளே போவதும் ஆக்ஸிஜன் வெளியே வருவதும்தான் தெரியும். 1771இல் ஜோசப் பிரீஸ்ட்லி, மெழுகுவத்தி எரிந்து அணைந்த கண்ணாடிக் குடுவைக்குள் ஒரு புதினாத் தண்டை வைத்தார். சில நாள் கழித்து அதே காற்றில் மெழுகுவத்தி மீண்டும் எரிந்தது. காற்றில் இன்று 21 விழுக்காடு ஆக்ஸிஜன் இருப்பதும் ஒளிச்சேர்க்கை செய்யும் உயிர்களால்தான். குழந்தைகளுக்கு மரத்தின் மேல் பிரியம் வர இதைவிட எளிய வழி இல்லை என்று ஆசிரியர்கள் சொல்வதும் புரிகிறது. இத்தனையும் சரி. இதிலிருந்து "மரம் கரியமில வாயுவைச் சுவாசிக்கிறது" என்ற முடிவுக்குத் தாவும்போதுதான் பிழை தொடங்குகிறது.

1. செடி எதைச் சுவாசிக்கிறது? ஆக்ஸிஜனைத்தான். நம்மைப் போலவே, இரவும் பகலும், இடைவெளி இல்லாமல். இலை வெளிச்சத்தில் சர்க்கரை செய்வது ஒரு வேலை. அந்தச் சர்க்கரையை ஆக்ஸிஜனோடு சேர்த்துச் சிதைத்து, உயிர் வாழத் தேவையான ஆற்றலை எடுத்துக்கொண்டு, கரியமில வாயுவையும் நீரையும் வெளியேற்றுவது வேறு வேலை. முதலாவது வரவு, இரண்டாவது செலவு. சுவாசம் என்பது இந்தச் செலவுதான். வெயில் நேரத்தில் வரவு செலவைவிடப் பல மடங்கு அதிகம் என்பதால் செலவு நம் கண்ணில் படுவதில்லை. படவில்லை என்பதற்காகச் செலவே இல்லை என்று எந்தக் கணக்குப்பிள்ளையும் எழுத மாட்டார்.

பிரீஸ்ட்லிக்கு எட்டு ஆண்டுகள் கழித்து, 1779இல், யான் இங்கன்ஹவுஸ் என்ற டச்சு மருத்துவர் இதைச் சோதித்துப் புத்தகமாகவே போட்டார். வெயிலில் தாவரம் காற்றைத் தூய்மையாக்குகிறது, நிழலிலும் இரவிலும் அதையே கெடுக்கிறது என்பது அந்தப் புத்தகத்தின் தலைப்பிலேயே இருக்கிறது. பச்சையான பாகங்கள் மட்டுமே அந்தத் தூய்மை வேலையைச் செய்கின்றன என்றும் அவர் கண்டார். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அச்சில் இருக்கும் செய்தியை நம் வகுப்பறைகள் பாதியாக நறுக்கிச் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

ஒரு மரத்தில் பச்சையாக இருப்பது எவ்வளவு? இலையும் இளங்கொம்பும் மட்டும். அடிமரம், வேர், பூ, விதை எல்லாமே வரவில்லாமல் செலவு மட்டும் செய்யும் பாகங்கள். இதற்கு ஆய்வுக்கூடம் தேவையில்லை. நாற்றங்காலுக்கு விதைநெல்லை ஊறவைத்துச் சாக்கில் கட்டி, வைக்கோல் போட்டு மூடி முளைகட்ட வைக்கிறார்களே, அந்தச் சாக்குக்குள் கையை விட்டுப் பாருங்கள். கணகணவென்று சூடு அடிக்கும். வெயில் படாத இருட்டில் அந்தச் சூடு எங்கிருந்து வந்தது? ஒவ்வொரு நெல்லும் தன் மாவை ஆக்ஸிஜனில் எரித்து முளைவிடுகிறது. புரட்டிவிட்டுத் தண்ணீர் தெளிக்காமல் விட்டால் நடுவிலிருக்கும் நெல் வெந்தே போகும். இதை அறியாத விவசாயி இல்லை. அவர் வீட்டுப் பிள்ளை மட்டும் பள்ளிக்கூடத்தில் செடி கரியமில வாயுவைச் சுவாசிப்பதாக எழுதி மதிப்பெண் வாங்கிக்கொண்டு வருகிறது.

2. நுரையீரல் இல்லாதது எப்படிச் சுவாசிக்கும் என்று கேட்பவர்கள் மண்புழுவைப் பார்க்க வேண்டும். அதற்கும் நுரையீரல் இல்லை. ஈரமான தோல் வழியாகவே ஆக்ஸிஜன் உள்ளே போகிறது. கரப்பான்பூச்சிக்கு உடலின் பக்கவாட்டில் துளைகள். நெஞ்சு ஏறி இறங்குவது காற்றை உள்ளே கொண்டுசேர்க்கும் ஓர் ஏற்பாடு, அவ்வளவுதான். சுவாசம் நடக்கும் இடம் செல்லுக்குள்ளே, மைட்டோகாண்ட்ரியாவில். வாழைமரத்தின் செல்லிலும் மனிதனின் செல்லிலும் அந்த மைட்டோகாண்ட்ரியா அடிப்படையில் ஒன்றே. இலைத்துளைகளும் பட்டையில் இருக்கும் சிறு துளைகளும் மண்ணிடுக்கில் கிடக்கும் வேர்முனைகளும் மரத்துக்குக் காற்று போகும் வழிகள்.

வெப்ப இரத்த உயிர்களுக்கு மட்டுமே உரியதாக நாம் நினைக்கும் வேலையைக்கூடத் தாமரை செய்கிறது. ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் தாவரவியல் பூங்காவில் பூத்த தாமரைகளை அளந்து 1996இல் வெளியிட்டார்கள். சுற்றியிருக்கும் காற்று 10 டிகிரி வரை குளிர்ந்தபோதும் பூவின் நடுப்பகுதி 30க்கும் 36க்கும் இடையிலேயே நின்றது. குளிரக் குளிரப் பூ கூடுதலாகச் சுவாசித்துத் தன்னைச் சூடாக வைத்துக்கொள்கிறது. பறவையும் பாலூட்டியும் செய்வது இதைத்தான். நம் ஊர்க் குளத்தில் நிற்கும் அதே தாமரையை நமக்கு நேர்மாறான உயிர் என்று எப்படிச் சொல்ல முடியும்?

3. கரியமில வாயுவை மரம் ஆக்ஸிஜனாக மாற்றுகிறதா? இல்லை. மரம் வெளியிடும் ஆக்ஸிஜன் கரியமில வாயுவிலிருந்து வருவதே கிடையாது. 1941இல் அமெரிக்காவின் பெர்க்லியில் சாமுவேல் ரூபன், மார்ட்டின் கேமன் குழுவினர் எடை கூடிய ஆக்ஸிஜன் அணுக்களைத் தண்ணீரில் அடையாளமாகச் சேர்த்து, அதில் குளோரெல்லா என்ற பாசியை வளர்த்தார்கள். அந்தக் கனத்த அணுக்கள் வெளிவந்த வாயுவில் தென்பட்டன. பாசி தண்ணீரைப் பிளந்துதான் ஆக்ஸிஜனை விடுகிறது. பிளக்கும் ஆற்றல் வெளிச்சத்திலிருந்து வருகிறது.

இதை ஒருமுறை புரிந்துகொண்டால் நம்மிடையே ஓடிக்கொண்டிருக்கும் பாதிக் கட்டுக்கதைகள் அங்கேயே விழுந்துவிடும். அரசமரம் இருபத்துநான்கு மணி நேரமும் ஆக்ஸிஜன் தருகிறது என்கிறார்கள். இரவில் வெளிச்சம் ஏது? வெளிச்சமின்றித் தண்ணீர் பிளவுபடாது. பிளவுபடாமல் ஆக்ஸிஜன் வராது. அரசமரமும் இதற்கு விலக்கில்லை. கற்றாழை, அன்னாசி, ஸ்நேக் பிளான்ட் போன்றவை இரவில் இலைத்துளையைத் திறப்பது உண்மைதான். வறண்ட நிலத்தில் பகலில் திறந்தால் நீர் வீணாகும் என்பதால் இரவிலேயே கரியமில வாயுவை வாங்கி அமிலமாகச் சேமித்துவைத்து, விடிந்த பிறகு சர்க்கரை செய்கின்றன. அவையும் ஆக்ஸிஜனை விடுவது பகலில்தான். "படுக்கையறையில் வைத்தால் இரவெல்லாம் ஆக்ஸிஜன்" என்று விற்கப்படும் தொட்டிகள் அந்த வாக்குறுதியைக் காப்பாற்றப் போவதில்லை.

மறுபக்கம், புளியமரத்தடியில் இரவில் படுத்தால் கரியமில வாயு கொன்றுவிடும் என்ற அச்சமும் இதே குழப்பத்தின் பிள்ளை. மனிதன் ஒருவன் ஒரு நாளில் ஏறத்தாழ ஒரு கிலோ கரியமில வாயுவை வெளியிடுகிறான். மூடிய அறையில் நம் அருகே படுத்திருப்பவரோடு ஒப்பிட்டால் தொட்டிச்செடி இரவில் விடுவது மிகச் சொற்பம். திறந்தவெளி மரத்தடியில் அது காற்றோடு கலந்து போய்விடும். அரசமரத்தை வணங்குகிறவர்கள் தாராளமாக வணங்கட்டும். அந்த வணக்கத்துக்கு அறிவியலின் பெயரால் பொய்ச்சான்று தேவையில்லை.

4. இந்தப் பிழைக்கு விலை கொடுப்பது யார்? வேர். செடியின் மூச்சு இலையில் மட்டும் என்று நம்புகிறவனுக்கு வேரும் சுவாசிக்கும் என்ற எண்ணமே எழாது. மண்ணிலுள்ள உப்புகளை உள்ளே இழுக்க வேருக்கு ஆற்றல் வேண்டும். ஆற்றலுக்கு ஆக்ஸிஜன் வேண்டும். அது மண்துகள்களின் இடுக்கில் இருக்கும் காற்றிலிருந்து வருகிறது. அந்த இடுக்குகளில் தண்ணீர் நிரம்பினால், காற்றில் ஓடுவதைவிட ஏறத்தாழப் பத்தாயிரம் மடங்கு மெதுவாகத்தான் ஆக்ஸிஜன் நீருக்குள் நகரும். தக்காளி வயலில் இரண்டு நாள் தண்ணீர் நின்றால் செடி தலைதொங்கி வாடுவதைப் பார்த்திருப்பீர்கள். காலடியில் தண்ணீர் நிற்கும்போதே வாடுகிறது. வேர் மூச்சுமுட்டி வேலையை நிறுத்திவிட்டது. நீரை உள்ளே வாங்க ஆளில்லை. மாடித்தோட்டத்தில் வாடிய செடியைக் கண்டு பதறி இன்னும் ஒரு குடம் ஊற்றுகிறோம். கொல்வது அந்தக் குடம்தான். மஞ்சளுக்கும் வாழைக்கும் பார் பிடித்து வடிகால் எடுக்கிறவர்கள், தெரிந்தோ தெரியாமலோ, வேருக்குக் காற்று விடுகிறார்கள்.

அப்படியானால் நெல் மட்டும் எப்படித் தண்ணீரில் நிற்கிறது? அதன் தண்டுக்குள்ளும் வேருக்குள்ளும் காற்றுக் குழல்கள் இருக்கின்றன. இலையிலிருந்து ஆக்ஸிஜன் அந்தக் குழல் வழியாக வேர்முனை வரை இறங்குகிறது. தழைத்து நிற்கும் ஒரு நெல்தூரைப் பிடுங்கிச் சேற்றை அலசிப் பாருங்கள். பழைய வேர்கள் துருநிறத்தில் இருக்கும். வேரிலிருந்து கசியும் ஆக்ஸிஜன் சேற்றிலுள்ள இரும்பைத் துருவாக்கி வேரின் மேலேயே படியவைத்திருக்கிறது. வேர் கறுத்து அழுகிய முட்டை வாடை அடித்தால் கீழே ஆக்ஸிஜன் போய்ச் சேரவில்லை என்று பொருள்.

பயிர் முழுக்க மூழ்கினால் இந்த ஏற்பாடும் உடைந்துபோகிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் காவிரி டெல்டாவின் சம்பா நெல் மூழ்கும்போது நடப்பது இதுதான். மூழ்கிய நெல் வெளிச்சத்தையும் காற்றையும் தேடி அவசரமாக நீள்கிறது. அந்த அவசரத்தில் சேமிப்பையெல்லாம் செலவழித்து, நீர் வடிவதற்குள் சாகிறது. ஒடிசாவின் பாரம்பரிய ரகமொன்றின் வழிவந்த எஃப்.ஆர். 13ஏ நெல்லில் இதற்கு மாற்று இருந்தது. சப்1ஏ என்று 2006இல் அடையாளம் காணப்பட்ட அந்த மரபணு, மூழ்கிய பயிரை நீளவிடாமல் தடுத்துச் செலவைச் சுருக்கிக் காத்திருக்கச் செய்கிறது. சுவர்ணா சப் 1, டெல்டாவில் சி.ஆர். 1009 சப் 1 போன்ற ரகங்கள் ஏறத்தாழ இரண்டு வாரம் வரை மூழ்கியும் பிழைப்பது இதனால்தான். செடி கரியமில வாயுவைச் சுவாசிக்கிறது என்று நம்பிக்கொண்டிருந்தால் இந்த ஆராய்ச்சியின் முதல் கேள்வியைக்கூட யாராலும் கேட்டிருக்க முடியாது.

பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குப் படகில் போனவர்கள் சேற்றிலிருந்து பென்சில் நட்டதுபோல் மேல்நோக்கி நிற்கும் வேர்களைப் பார்த்திருப்பார்கள். வெண்கண்டல் மரத்தின் சுவாச வேர்கள் அவை. காற்றற்ற உப்புச் சேற்றுக்குள் புதைந்த வேர்களுக்கு மேலேயிருந்து ஆக்ஸிஜன் எடுத்துப்போக அந்த மரம் செய்துகொண்ட வழி. 1955இல் ஷொலாண்டர் என்ற ஆய்வாளரின் குழுவினர் சுரபுன்னை என்ற இன்னொரு அலையாத்தி மரத்தின் ஊன்றுவேர்களிலுள்ள சிறு துளைகளைக் கிரீஸால் அடைத்துப் பார்த்தார்கள். சேற்றுக்குள்ளிருந்த வேரில் ஆக்ஸிஜன் அளவு மளமளவென்று சரிந்தது.

அவர்கள் ஆய்வுக்காகச் செய்ததை நாம் நம் தெருக்களில் திட்டமாகவே செய்துவருகிறோம். எங்கள் தெருவில் ஒரு புங்கமரத்தைச் சுற்றி நடைபாதை போட்டபோது அடிமரத்தின் பட்டையைத் தொட்டுக்கொண்டு சிமெண்டைக் கொட்டி மேலே டைல்ஸ் பதித்தார்கள். அழகாக இருக்கிறது என்று தெருவே பாராட்டியது. நீரையும் உப்பையும் உறிஞ்சும் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணின் ஓரிரு அடிக்குள் கிடக்கிறது. அதற்குக் காற்று போகும் ஒரே வழியை மூடிவிட்டோம். மரம் உடனே சாகாது. நுனிக்கொம்புகள் ஒவ்வொன்றாகக் காய்ந்து, ஆண்டுகள் கழித்துத்தான் சாகும். அதற்குள் சிமெண்ட் போட்டதை எல்லோரும் மறந்திருப்போம். டெல்லியில் மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் வரை சிமெண்டை அகற்ற வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இலேயே உத்தரவிட்டது. எந்த ஊருக்கும் அந்த உத்தரவு பொருந்தும். அதற்கு முதலில் வேர் மூச்சுவிடுகிறது என்று நகராட்சிப் பொறியாளருக்கும் வார்டு உறுப்பினருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

5. பச்சை இருந்தால் ஆக்ஸிஜன் இருக்கும் என்பவர்கள் ஓர் இறால் பண்ணைக்காரரிடம் அதைச் சொல்லிப் பார்க்கட்டும். குளத்து நீரில் பாசி அடர்ந்து பச்சையாக நின்றால் பகலில் ஆக்ஸிஜன் ஏராளம். பொழுது சாய்ந்ததும் வரவு நின்று செலவு தொடர்கிறது. இறாலும் பாசியும் சேற்று நுண்ணுயிரும் ஒரே இருப்பிலிருந்து எடுக்கின்றன. விடியலுக்குச் சற்று முன்னால் நீரில் ஆக்ஸிஜன் மிகக் கீழே போய்விடும். நாகப்பட்டினம் கரையோரப் பண்ணைகளில் இரவெல்லாம் ஏரேட்டர் ஓடுவது இதற்காகத்தான். மின்சாரம் போய் ஜெனரேட்டரும் கைவிட்டால் காலையில் குளமே செத்துக் கிடக்கும். ஊர்க் குளங்களில் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய்பிளப்பதும் பல சமயம் இதே காரணத்தால்தான். யாரோ விஷம் வைத்துவிட்டார்கள் என்று சண்டைபோடுவதற்கு முன் தண்ணீரின் நிறத்தைப் பார்ப்பது நல்லது.

6. "அமேசான் உலகின் நுரையீரல், நம் ஆக்ஸிஜனில் 20 விழுக்காடு அங்கிருந்துதான் வருகிறது" என்கிறார்கள். 2019 ஆகஸ்டில் காடு எரிந்தபோது பிரான்ஸ் அதிபர் மக்ரோனே இதை எழுதினார், உலகமே பகிர்ந்தது. கணக்கை முழுதாகப் பார்ப்போம். நிலத் தாவரங்கள் ஆண்டுக்கு ஏறக்குறைய 12,000 கோடி டன் கார்பனைச் சர்க்கரையாக்குகின்றன. அதில் சுமார் பாதியைத் தாங்களே சுவாசித்துச் செலவழிக்கின்றன. மீதியில் பெரும்பகுதி உதிர்ந்த இலையாகவும் விழுந்த மரமாகவும் பூஞ்சைக்கும் நுண்ணுயிருக்கும் கரையானுக்கும் உணவாகிறது. அவை அதே அளவு ஆக்ஸிஜனை எடுத்துக்கொள்கின்றன. முதிர்ந்த காடு ஆண்டு முடிவில் காற்றுக்குத் தரும் ஆக்ஸிஜன் அநேகமாகப் பூஜ்யம்.

நாம் சுவாசிக்கும் ஆக்ஸிஜன் இந்த ஆண்டு விளைச்சல் இல்லை. ஏறத்தாழ 240 கோடி ஆண்டுகளுக்கு முன் நீலப்பச்சைப் பாசிகளால் காற்றில் சேரத் தொடங்கி, மட்காமல் கடலடி மண்ணில் புதைந்துபோன உயிர்ப்பொருளுக்கு ஈடாக நின்றுவிட்ட இருப்பு அது. நிலத்திலுள்ள தாவரங்கள் அத்தனையும் எரிந்தாலும் அதில் ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்குதான் குறையும். வாலஸ் புரோக்கர் என்ற புவிவேதியியலாளர் 1970இலேயே இந்தக் கணக்கைப் போட்டு, ஆக்ஸிஜன் தீர்ந்துவிடும் என்ற அச்சத்துக்கு அடிப்படை இல்லை என்று எழுதினார்.

2021 ஏப்ரல், மே மாதங்களில், கொரோனா அலையின்போது, மருத்துவமனை வாசலில் ஆக்ஸிஜன் இல்லாமல் மக்கள் செத்தபோது, "மரத்தை வெட்டினோம், இன்று சிலிண்டருக்கு அலைகிறோம்" என்று செய்திகள் பறந்தன. இந்தப் பிழையின் கொடிய முகத்தை அப்போதுதான் பார்த்தேன். அன்றும் ஊர்க் காற்றில் 21 விழுக்காடு ஆக்ஸிஜன் இருந்தது. அதைப் பிரித்தெடுத்து, டேங்கரில் ஏற்றி, நோயாளியின் நுரையீரலுக்குக் கொண்டுபோகும் ஏற்பாடுதான் போதவில்லை. பொறுப்பேற்க வேண்டியவர்களிடம் கேட்கவேண்டிய கேள்வியை மரத்தின் மேல் இறக்கிவைத்துவிட்டு நகர்ந்தோம்.

காட்டுக்கும் இது நல்லதில்லை. மரத்தின் மதிப்பு அது தரும் ஆக்ஸிஜன்தான் என்று வாதாடினால், நூறு வயது ஆலமரத்தைவிட வேகமாக வளரும் பத்து யூக்கலிப்டஸ் கன்று மேல் என்றாகிவிடும். வேகமாக வளரும் இளந்தோப்பில் வரவு மிஞ்சுகிறது. முதிர்ந்த காட்டில் வரவும் செலவும் ஏறத்தாழ நேராகிவிடும். சாலையை அகலப்படுத்தப் பழைய மரங்களை வெட்டி, "ஒன்றுக்குப் பத்து நடுகிறோம்" என்று சமாதானம் சொல்கிறவர்களின் கையில் நாமே கொடுத்த ஆயுதம் இது. ஆலமரம் தன் கட்டையில் ஆண்டாண்டாகப் பிடித்து வைத்திருக்கும் கார்பன், ஒரு நாளில் நூற்றுக்கணக்கான லிட்டர் நீரை ஆவியாக்கிச் சுற்றுப்புறத்தைக் குளிரவைப்பது, அதன் நிழல், அதில் கூடுகட்டும் பறவைகள், மழைநீரை மண்ணுக்குள் இறக்கும் வேர். இவற்றில் எதையும் பத்துக் கன்றுகள் பல பத்தாண்டுகளுக்குத் தரப்போவதில்லை. இத்தனை வலுவான வாதங்களைக் கையில் வைத்துக்கொண்டு, உடைந்துபோகக்கூடிய ஒன்றை ஏன் முன்னால் நிறுத்த வேண்டும்?

7. குழந்தைகளுக்காக எளிமைப்படுத்திச் சொல்கிறோம், பெரிய வகுப்பில் திருத்திக்கொள்வார்கள் என்பது கடைசி வாதம். திருத்திக்கொள்வதில்லை. பெரிய வகுப்புப் பாடம் தேர்வோடு போய்விடுகிறது. சின்ன வகுப்பில் மனப்பாடம் செய்த வாக்கியம் ஆயுளுக்கும் நிற்கிறது. மேடைகளில் கேட்பதெல்லாம் அந்த வாக்கியம்தானே? உண்மையைச் சொல்வதும் கடினமில்லை. "மரமும் நம்மைப் போலத்தான் மூச்சுவிடுகிறது, ஆனால் தன் சாப்பாட்டைத் தானே வெளிச்சத்தில் செய்துகொள்ளத் தெரிந்தது" என்றால் ஏழு வயதுக் குழந்தைக்குப் புரியும். புரியாவிட்டால் காட்டலாம். முளைகட்டிய பச்சைப்பயறை ஒரு பாட்டிலில் பாதிவரை நிரப்பி, ஒரு சிறு கிண்ணத்தில் தெளிந்த சுண்ணாம்புநீரை உள்ளே இறக்கி இறுக மூடி வையுங்கள். பக்கத்தில் வேகவைத்து ஆறவைத்த பயறோடு இன்னொரு பாட்டில். மறுநாள் காலை முதல் பாட்டிலின் சுண்ணாம்புநீர் பால்போல் வெளுத்திருக்கும். மற்றது தெளிவாகவே நிற்கும். குழந்தையை ஒரு குழாய் வழியாகத் தன் மூச்சை இன்னொரு டம்ளர் சுண்ணாம்புநீரில் ஊதச் சொல்லுங்கள். அதுவும் அதேபோல் வெளுக்கும்.